தெற்குத் தெருவுக்கு வந்த ஆறு

முள்ளூரணியில் குழாய் வறண்ட தெருக்கள் எத்தனையோ இருந்தாலும், தண்ணீர் என்ற சத்தம் காதில் விழுந்ததுமே கையில் குடத்தோடு வாசலுக்கு ஓடிவருகிற பழக்கம் தெற்குத் தெருக்காரர்களுக்குத்தான் கூடுதல் என்பதால், எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்த அந்த ஆறு அங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அது வருவதற்கு முந்தின நாள் மாலையில், அந்தத் தெருவின் கடைசி வீட்டில் குடியிருந்த மாரிக்கனி தன் வலைப்பூவைத் தொடங்கியிருந்தாள். பகலெல்லாம் ஒரு காலண்டர் அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து நல்ல நேரமும் ராகு காலமும் தட்டச்சு செய்கிறவள் அவள். அச்சகத்துக்கு எடைக்கு வந்து சேரும் பழைய தாள் கட்டுகளுக்குள், ஏதேதோ ஊர் நூலகங்கள் கழித்துப்போட்ட நாவல்கள் அட்டையில்லாமலும் முதல் பக்கங்கள் இல்லாமலும் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் அதிலொன்றைச் சும்மா புரட்டப்போய், ஒரு படகுத் தச்சன் தன் தம்பியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவதைப் படித்தவள், சோறு காய்ந்த கையோடு மணியடித்ததுகூடத் தெரியாமல் இருந்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது. கல்யாணமாகியும் விடவில்லை. அவள் கணவன் முனியாண்டி தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். லாரியின் முன்சீட்டுக்குக் கீழே எப்போதும் அவளுடைய நாவல் ஒன்று கிடக்கும், எங்கேயாவது போகும்போது வழியில் படிக்க.

'வணக்கம். என் பெயர் மாரிக்கனி. எனக்குப் பழைய நாவல்கள் பிடிக்கும்' என்று அந்த முதல் பதிவு தொடங்கியது. 'ஏன் பிடிக்கும் என்றால், அவற்றில் யாரும் அவசரப்படுவதில்லை. ஒருவர் செத்துப்போனால் அடுத்த பக்கத்தில் மறந்துவிடுவதில்லை; அவருடைய கோட்டு ஆணியில் தொங்குவதை யாராவது ஒருத்தர் புத்தகம் முடிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் படிப்பதைப் பகுதி பகுதியாக இங்கே சொல்வேன். முடிவை மட்டும் சொல்லமாட்டேன். அது நீங்களே போய்ச் சேரவேண்டிய இடம்.'

அதற்குக் கீழேயே, பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்துக் கதையின் தொடக்கத்தை அவள் எழுதினாள். எழுதியவர் யார், என்ன தலைப்பு என்பதெல்லாம் கிழிந்துபோன பக்கங்களோடு போய்விட்டன. மலையில் பனி உருகி ஒரு நீர்க்கோடு கிளம்புகிறது, அது ஒரு சின்ன ஊரின் ஓரமாக வந்து ஆறாகிறது, ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்துக்கு ஒரு காவல்காரன்; அவ்வளவுதான் அந்தத் தொடக்கம்.

மறுநாள் விடிந்தபோது, மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆலைக்குப் பின்னாலிருந்து ஒரு நீர்க்கோடு வந்து, தெற்குத் தெருவின் வாசல்களை ஒட்டி நெளிந்து, சுடுகாட்டைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் போய் மறைந்திருந்தது. சித்திரை வெயிலில் பல் கூசுகிற குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் முதலில் குடத்தை வைத்துப் பிடித்தாள், அதற்குப் பிறகுதான் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். யாருக்கும் தெரியாததால் எல்லாரும் பிடித்தார்கள். மாரிக்கனி அச்சகத்திலிருந்து திரும்பி ஒவ்வொரு பகுதியாக எழுத எழுத, கோடு ஓடையாகி, ஓடை வாய்க்காலாகி, வைகாசி பிறப்பதற்குள் ஆறாகிவிட்டது. ஊரில் யாரும் பார்த்திராத வெள்ளைப் பட்டை மரத்தின் மஞ்சள் இலைகள் அதில் மிதந்து வந்தன. செதில் நீலமாக இருந்த மீனை முதலில் பூனைக்குப் போட்டுப் பார்த்து, பூனை மீண்டும் கேட்டதால் குழம்பு வைத்தார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர் வரைபடத்தை விரித்து, இந்த இடத்தில் ஆறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போனார். முனியாண்டியின் லாரியை இனி யாரும் கூப்பிடாததால் அவன் அதை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

துபாயில் வேலை செய்த பேச்சித்தாயின் மகன்தான் ஏதோ தேடும்போது மாரிக்கனியின் வலைப்பூவைக் கண்டுபிடித்து, அம்மா போனில் காட்டுகிற ஆறும் இங்கே எழுதியிருக்கிற ஆறும் ஒன்றாக இருக்கிறதே என்று சொன்னான். அன்றைக்குச் சாயங்காலமே வார்டு கவுன்சிலர் ஞானதுரை டீக்கடையில் ஒருவனை உட்காரவைத்து எல்லாப் பதிவுகளையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். காலண்டரைத் தவிர வேறெதையும் படித்திராத ஊர், படகுத்துறையில் சண்டை போடுகிற இரண்டு குடும்பங்களுக்காகக் கட்சி பிரிந்து வாக்குவாதம் செய்தது. வழியில் பார்க்கிறவர்களெல்லாம் மாரிக்கனியை நிறுத்தினார்கள். தண்ணி இன்னும் கூடுமா என்று கேட்டவர்கள் பாதிப்பேர். தச்சுவேலைக்காரன் மகள் மார்த்தாவை அந்த யாகோவ் கட்டிக்குவானா மாட்டானா என்று கேட்டவர்கள் மீதிப்பேர். அந்த மீதிப்பேருக்காகத்தான் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் தனியாகப் படித்து தனியாக அழுதவளுக்கு, தெருவே தன்னோடு உட்கார்ந்து படிக்கிற சந்தோஷத்தை விட மனசு வரவில்லை. முடிவு என்ன என்பது அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை நினைக்கிறபோதெல்லாம், இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு பக்கங்கள் குறைந்துவிட்டன. ஆனி முடியும்போது, கடைசி இரண்டு பகுதிக்கு முன்னால் அவள் நிறுத்தினாள்.

ஆறும் நின்றது. வற்றவில்லை, ஓடவில்லை, வாசல்களை ஒட்டி அப்படியே கிடந்தது. பாசி பிடித்தது, கொசு வந்தது, வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். பேச்சித்தாயின் புருஷன் பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். ஞானதுரை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஊரே உன்னையத்தான் பாத்துக்கிட்டிருக்கு. ஆடிப்பெருக்கு வருது. நம்ம ஊரு பொறந்ததுலருந்து ஆத்தங்கரையில நின்னு ஆடிப்பெருக்கு கும்பிட்டதில்ல. மிச்சத்த எழுதி விட்ரும்மா."

"எழுத முடியல அண்ணாச்சி."

"ஏன், உடம்புக்கு முடியலயா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

காபியைக் குடித்துவிட்டு ஞானதுரை எழுந்து போனார். அவர் போனதும் முனியாண்டி கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"முடிவு என்ன மாரி?"

"திருவிழா அன்னைக்கு ஊர் மொத்தமும் கரையில நிக்குது. மலையில பனி ஒடஞ்சு வெள்ளம் வருது. வரப்போறது அந்தப் பாலத்துக் காவல்காரனுக்கு முந்தின நாளே தெரியும். சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லாம இருந்துர்றான். அவன் ஒருத்தன்தான் மிஞ்சுறான்."

முனியாண்டி எழுந்து ஜன்னலைத் திறந்து, வாசலில் அசையாமல் கிடந்த ஆற்றைப் பார்த்தான். "மாத்தி எழுதிரு," என்றான் கடைசியில். "அந்த ஊர்க்காரன் எவனும் வந்து கேக்கப்போறதில்ல."

ஒரு புத்தகத்தில் இல்லாததை இருப்பதாக அவள் சொன்னதே கிடையாது. ஆனாலும் எழுதினாள். ஆறு மெல்ல இறங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, கடலோடு சேர்ந்தது, மார்த்தாவுக்கும் யாகோவுக்கும் கல்யாணம் நடந்தது என்று எழுதி, கீழே 'முற்றும்' என்று போட்டாள். டீக்கடையில் அதை வாசித்தபோது கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் சொன்ன கல்யாணத்தை ஆறு காதில் வாங்கவில்லை. முற்றும் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. மறுநாள் பாசி விலகி, தண்ணீர் தெளிந்து, ஓடத் தொடங்கியது. காய்ச்சல்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், பேச்சித்தாயின் புருஷன் வீட்டுக்கு வந்தான், நல்ல முடிவு எழுதினாயே என்று பேச்சித்தாய் மாரிக்கனியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள், ஞானதுரை கரையோரம் பந்தல் போட ஆள் விட்டார். ஆற்றின் மட்டம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதை மாரிக்கனி தன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று காலையில் அவள் கண் விழித்தபோது ஆற்றின் சத்தம் நின்றிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. வெள்ளத்துக்கு முன்னால் ஆறு ஊமையானதைப் பற்றி அந்த நாவலில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. காவல்காரன் அந்தப் பக்கத்தில்தான் சொல்லலாமா என்று யோசித்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்துவிடுவான்.

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். அதற்குள் ஊர் கூடியிருந்தது. பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் தட்டில் வைத்து, முளைப்பாரியோடு தண்ணீர் ஓரம் வரைக்கும் இறங்கி நின்றார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. அவள் நேராகப் பந்தலுக்குள் போட்டிருந்த மேடையில் ஏறிப் பாட்டை நிறுத்தச் சொன்னாள்.

"நான் எழுதுன முடிவு பொய்," என்றாள். "இன்னைக்கு வெள்ளம் வரும். எல்லாரும் ரயில் மேட்டுக்குப் போயிருங்க."

ஒருவரும் நகரவில்லை. ஞானதுரை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னம்மா இது, நேத்து ஒண்ணு எழுதுற, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. எத நம்புறது? நல்ல நாளும் அதுவுமா சனங்களப் பயமுறுத்தாத."

"என்னைய நம்ப வேணாம் அண்ணாச்சி. புஸ்தகத்துல உள்ளத வாசிக்கிறேன். கேட்டுட்டுப் போங்க."

கடைசிக்கு முந்தின பகுதியைத் திறந்து, ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கினாள். அவள் வாய் முதல் வார்த்தையைச் சொன்னதும், தீப்பெட்டி ஆலைக்குப் பின்னாலிருந்து, தொலைவில் பாத்திரக்கடை சரிந்ததுபோல ஓர் ஓசை வந்தது. 'மலையில் பனிச்சுவர் விரிசல் விட்டது' என்று அவள் வாசித்து நிமிர்ந்தபோது, தண்ணீர் பந்தலின் முதல் காலை நனைத்திருந்தது. அவள் நிறுத்தினாள். தண்ணீர் நின்றது. பொய் முடிவைக் கேட்காமல் தானாக ஏறிவந்த ஆறு, நிஜமான வார்த்தைகள் காதில் விழுந்ததும் தன் போக்கை விட்டுவிட்டு மறுபடியும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. மேடையில் நின்ற அவளுக்கும், பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானதுரைக்கும் அது ஒரே நேரத்தில் விளங்கியது.

"எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்ப?" என்றார் அவர்.

"தெரியல. ரொம்ப நேரம் நிக்காதுபோலருக்கு."

நின்ற தண்ணீர் பின்னாலிருந்து வந்த தண்ணீரால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஞானதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே குதித்தார். "தட்டையெல்லாம் போட்டுட்டு ஓடுங்க," என்று அவர் சொன்ன குரலில் கவுன்சிலர் யாரும் இல்லை, பயந்துபோன ஒரு மனிதர்தான் இருந்தார், அதனால் இந்தத் தடவை ஊர் நகர்ந்தது.

பழைய எழுத்தாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பெரிய விஷயம் வரும்போது முற்றுப்புள்ளி வைக்கமாட்டார்கள், அந்த நாவலின் வெள்ளமும் பக்கம் பக்கமாக ஒரே வாக்கியமாகத்தான் இருந்தது, அதில் மூச்சு விட இருந்த இடமெல்லாம் காற்புள்ளிகள் மட்டும், ஒரு துண்டை வாசித்துக் காற்புள்ளியில் மாரிக்கனி நிற்பாள், நிற்கிற அந்த நேரத்துக்குள் முதல் வரிசை வீடுகளிலிருந்து கிழடுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஆறு அவள் உதட்டைப் பார்த்தபடி நடுங்கும், அதற்குமேல் தாங்காது என்று தெரிந்ததும் அடுத்த துண்டை வாசிப்பாள், தண்ணீர் முட்டளவு ஏறும், பந்தல் சாய்ந்து முளைப்பாரிகளோடு போகும், அடுத்த காற்புள்ளியில் ஆடுகளை அவிழ்ப்பார்கள், அதற்கடுத்ததில் பேச்சித்தாய் மறந்துவிட்ட மாத்திரைப் பையை எடுக்கத் திரும்பி ஓட, அவள் வெளியே வருகிறவரைக்கும் வாயைத் திறக்காமல் நிற்கவேண்டியிருந்தது மாரிக்கனிக்கு, நின்றாள், ஒலிபெருக்கி நனைந்து செத்ததும் வெறும் தொண்டையில் கத்தி வாசித்தாள், முனியாண்டி லாரியைத் தண்ணீருக்குள் பின்பக்கமாக விட்டு மேடையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்த, லாரித் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் புத்தகத்தோடு, அவன் ரயில் மேட்டை நோக்கி ஓட்ட ஓட்ட அவள் வாசித்துக்கொண்டே போனாள், பின்னால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வீடு முகம் குப்புற விழுந்தது, ஆலையின் சுவர் விழுந்தது, அவளுடைய கடைசி வீடும் விழுந்தது, மேட்டின் மேல் லாரி ஏறி நின்றபோது ஒரு தெருவும் அதன் வாசல்களும் இல்லாமல் போயிருந்தன, அங்கேதான் அந்த எழுத்தாளர் முற்றுப்புள்ளி வைத்திருந்தார்.

ஆறு அந்தப் புள்ளியோடு போய்விட்டது. தெற்குத் தெரு இருந்த இடத்தில் வெள்ளை மணல் மட்டும் அகலமாகக் கிடந்தது. தோண்டினால் ஊற்று வந்தது, அதில் குடிக்க ஆட்கள் இருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை, ஞானதுரை வீடு வீடாகப் பெயர் சொல்லிச் சரிபார்த்தார்.

தெற்குத் தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கே மாரிக்கனியோடு யாரும் பேசவில்லை. யாரும் திட்டவுமில்லை. உயிரைக் காப்பாற்றியவள் அவள்தான், ஆற்றைக் கொண்டுவந்தவளும் அவள்தான், முதலிலேயே தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தவளும் அவள்தான் என்கிறபோது, எதை எடுத்துப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு வழி விட்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. முனியாண்டி மட்டும் கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்றான். அவள் புத்தகத்தைத் துணியில் சுற்றி, தொடாமல் வைத்திருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் பேச்சித்தாய் அவளிடம் வந்தாள். துணியில் சுற்றியிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் மிச்சம் இருக்கோ அதுல?"

"கொஞ்சம் இருக்கு மதினி."

"அந்தக் காவல்காரன் என்ன ஆனான்? சொல்லாம இருந்தானே, அவன்."

"வேணாம் மதினி. படிச்சா வந்துரும்."

"வந்தா வரட்டும். எடுத்துட்டுப் போக இங்க என்ன கெடக்கு?" என்றாள் பேச்சித்தாய். "எனக்கு அவன் நெனப்பாவே இருக்கு மாரி. படி."

இருவரும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, மணல் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தார்கள். மாரிக்கனி கடைசிப் பகுதியைப் பிரித்தாள். காவல்காரன் பாலமும் ஊரும் இல்லாத அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. நாள்தோறும் பொழுது சாய்கிற நேரத்தில், வற்றிய ஆற்றின் நடுவில் போய் நின்று, செத்துப்போனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மணலிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கம்மிப்போன குரல். பள்ளிக்கூடத்துக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டு, தட்டுகளை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்கள். ஆள் தெரியவில்லை.

"மார்த்தா," என்றது அந்தக் குரல்.

யாரும் பதில் சொல்லவில்லை என்றுதான் அடுத்த வரியில் இருந்தது. மாரிக்கனி அதை வாசிக்க வாயெடுப்பதற்குள், பேச்சித்தாய் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இருக்கேன்."

குரல் சற்று நின்றது. பிறகு, "யாகோவ்" என்றது.

"இருக்கேன்யா," என்றார் ஞானதுரை, கூட்டத்தின் பின்னாலிருந்து.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கூப்பிடுகிறான், பதில் இல்லாமல் நிற்கிறான், பதில் சொல்லத் தங்களுக்கு வாய் இருக்கிறது. அது மட்டும்தான் தெற்குத் தெருக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. படகுத்துறைக்காரர்கள், ரொட்டிக்காரன், மணியடிக்கிறவன், அவன் தங்கை என்று வாயில் நுழையாத பெயராக வர வர, ஆளுக்கொருவராகப் பதில் சொன்னார்கள். ஒரு கைக்குழந்தையின் பெயர் வந்தபோது ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள், அது அழுதது. ஒவ்வொரு பதிலுக்கும் அந்தக் குரல் கொஞ்சம் தெளிந்தது.

யாரும் பதில் சொல்லவில்லை என்ற அந்த வரியை மாரிக்கனி வாசிக்காமல் விட்டுவிட்டாள். அடுத்த பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவன் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள்.